சௌந்திரத்தின் ஏழு வருஷத்துப் பிரசவம்

எங்கள் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஏழு வருஷமாக ஒரு சாவுகூட நடந்ததில்லை. இது தெருப்பேச்சு அல்ல. ஆஸ்பத்திரி கேட்டில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று எழுதியிருந்தது: "1929 முதல் இன்றுவரை பிரசவங்கள் 363. மரணம் இல்லை." வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஓர் ஆள் வந்து கடைசி எண்ணை மட்டும் துடைத்து, ஒன்று கூட்டி எழுதிவிட்டுப் போவான். ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூர் போகிற வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திப் படித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனதும் உண்டு.

ஆனால் எதிர்வரிசை வீட்டுக்காரர்களுக்குக் கண் இருக்கிறது, காதும் இருக்கிறது. அத்தனை பிரசவம் நடந்த கட்டடத்திலிருந்து ஒரு குழந்தை அழுது நாங்கள் கேட்டதில்லை. கொடியில் வெள்ளை விரிப்புகள் காய்ந்தன. கறைபட்ட துணி ஒன்று காய்ந்ததில்லை. எந்த மாமியாரும் சர்க்கரைத் தட்டோடு அந்தப் படியிறங்கி வந்ததில்லை. முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் பிறந்திருந்தால் போர்டு பள்ளிக்கூடத்துச் சுவர் இந்நேரம் பிதுங்கியிருக்க வேண்டும். அங்கே போய் எட்டிப் பார்த்தால், வாத்தியார் பாதி பெஞ்சுகளில் மிளகாய் காயப் போட்டிருந்தார்.

இளம்பிள்ளையிலிருந்து பெரியநாயகி தாதிப் படிப்புக்கு வந்து சேர்ந்த பிறகுதான் இந்தச் சங்கதி வெளியே கசிந்தது.

பெரியநாயகி நெசவுக்காரர் வீட்டுப் பெண். இருபத்து நாலு வயதில் புருஷன் செங்கோடன் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். தறி கொழுந்தன் குமாரசாமி கைக்குப் போயிற்று. அவளுக்கு மிஞ்சியது, மூலையில் உட்கார்ந்து குச்சியில் நூலேற்றி, தறிக்குத் தார் சுற்றுகிற வேலை. தாலியோடு இருந்த காலத்தில் தெருவில் இரண்டு பிரசவத்துக்குப் பக்கத்தில் நின்று கைகொடுத்தவள். நல்ல கை என்று பேர். தாலி இறங்கியதும் அதே கை ஆகாத கையாகிவிட்டது. வளைகாப்புக்கே கூப்பிடாதவளைப் பிரசவ அறைக்குள் யார் விடுவார்கள்?

"சர்க்காரு சீட்டும் தலைக்கு ஒரு தொப்பியும் இருந்தா வேற பேச்சுங்க அம்மிணி" என்று நூல் வியாபாரி ஒருவர் சொன்னார். "அப்பறம் தாலி இருக்குதா இல்லியான்னு எவனும் பாக்கமாட்டான். நர்சம்மான்னு கும்பிட்டுக் கூட்டிட்டுப் போவான்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டாள். வண்டி ஏறும்போது குமாரசாமி சொன்னான்: "ரெண்டு வருசம் அண்ணி. சீட்டோட வந்தீங்கன்னா சரி. இல்லீன்னா தாரு எங்கியும் போயிறாது, வந்து சுத்துங்க."

முதல் நாள் ஆறு மாணவிகளையும் வரிசையாக நிறுத்தி, சூப்பிரண்டு ராவ் சாகிப் டாக்டர் சேஷாத்ரி உபந்நியாசம் செய்தார். பேசும்போது கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். கேட்பவர்களைப் பார்த்தால் அவருக்குச் சொற்பெருக்கு தடைப்படும்.

"நர்ஸுக்கு முதல் லட்சணம் தைரியம். ஆகையால் இரண்டாம் வருஷம் முடிகிறவரை நீங்கள் ரத்தத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் இருக்கிற தைரியம் செலவாகிவிடும். இரண்டாவது லட்சணம், பொறுப்பு. அது உங்களுக்குக் கிடையாது. மாணவி செய்கிற எந்தப் பிழைக்கும் மாணவி பொறுப்பல்ல என்று நானே விதி எழுதியிருக்கிறேன். பொறுப்பு என்பது நர்ஸுக்கு உரிய கௌரவம். அதை நீங்கள் இன்னும் சம்பாதிக்கவில்லை. மூன்றாவது, ரிஜிஸ்தர். அதில் மையால் எழுதியது எழுதியதுதான். அடித்தல், திருத்தல், சுரண்டல் செய்கிறவர்கள் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். நோயாளி இன்றைக்கு வருவாள், நாளைக்குப் போவாள், ரிஜிஸ்தர் சாசுவதம்."

பிறகு மேட்ரன் கிரேஸ் அம்மாள் வார்டைச் சுற்றிக் காட்டினார். ஆறு கட்டில்கள். ஐந்தில் விரிப்பு கண்ணாடிபோல் இழுத்துக் கட்டியிருந்தது. மூலை மடிப்பு நாற்பத்தைந்து டிகிரி இருக்கிறதா என்று மேட்ரன் கோணமானியை வைத்துப் பார்ப்பார். அந்த ஐந்திலும் யாரும் படுக்கக் கூடாது. படுத்தால் மடிப்பு கலைந்துவிடும். மேலதிகாரிகள் எந்த நிமிஷமும் வரலாம். ஆறாவது கட்டிலில் ஒரு பெண் நிறைவயிறாய், கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தாள்.

பெரியநாயகி கிட்டே போய், "எத்தனாவது மாசமுங்க அக்கா?" என்று கேட்டாள்.

அக்கா பதில் சொல்லவில்லை. அவள் மரமும் தோலுமாகச் செய்த பொம்மை. வயிற்றில் ஒரு மூடி. மூடிக்குள் பழந்துணி அடைத்த ஒரு குழந்தை.

"இவள் பெயர் சௌந்திரம்" என்றார் மேட்ரன். "இவளை மரியாதையில்லாமல் பேசக் கூடாது."

சௌந்திரத்தின் வரலாறு இது. பாடம் நடத்துவதற்காக மதராஸில் ஒரு கம்பெனியிடமிருந்து அவளை வாங்கினார்கள். வந்து இறங்கியதும் எங்கே வைப்பது என்று கேள்வி எழுந்தது. கட்டிலில் வைக்கலாமென்றால், உள்நோயாளி அல்லாதவர் கட்டிலில் படுக்க விதியில்லை. டாக்டர் மூன்று நாள் யோசித்து, சௌந்திரத்தை உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டார். ரிஜிஸ்தரில் அவர் கைப்படவே பதிந்தார். பெயர்: சௌந்திரம். வயது: இருபத்தெட்டு. வியாதி: பிரசவ வேதனை. புருஷன் பெயர்: மதராஸ் கம்பெனி. அதற்குப் பிறகு தினமும் காலையில் ஜுரம் பார்த்துத் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்று எழுதி, நிலைமை என்கிற கட்டத்தில் "அவ்வாறே" என்று போட்டு வந்தார்கள். ஏழு வருஷமாக அவள் நிலைமை அவ்வாறே. வெள்ளிக்கிழமை தோறும் மாணவிகள் அவளுக்குப் பிரசவம் பார்த்தார்கள். பிறந்ததைப் பதியாமல் விட முடியுமா? பதிந்தார்கள். பலகையில் ஏறிய முந்நூற்றறுபத்து மூன்றும் அவள் பெற்றவைதான். அதே துணிக்குழந்தை.

நிஜமாக வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்களை, "சேலத்தில் இதைவிட நன்றாகப் பார்ப்பார்கள்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிஜமானவர்களை உள்ளே விட்டால் அவர்களில் யாராவது செத்துப்போகக்கூடும், பலகை என்னாவது?

பெரியநாயகி கவனித்த இன்னொரு விஷயம் உண்டு. சௌந்திரத்துக்குச் சுற்றியிருந்த சேலை இளம்பிள்ளைச் சேலை. காவிக்கரையில் இரட்டைப்பேட்டு வேலைப்பாடு, அவள் தெருவில் நெய்தது. "எங்கூரு சீலை" என்று அதைத் தொட்டுப் பார்த்ததற்கு, நோயாளியின் உடையை அனுமதியில்லாமல் தொட்டதாக அன்றைக்கே ஒரு கறுப்புப்புள்ளி விழுந்தது.

பிரசவத்துக்குப் பதினான்கு படிகள். முதல் படி, தொப்பியை நேராக்கிக்கொள்வது. இரண்டாம் படி, நோயாளிக்கு வணக்கம் சொல்வது. மூன்றாவது, "தங்கள் வேதனையின் இடம், தன்மை, கால அளவு ஆகியவற்றை வரிசையாகத் தெரிவிக்கவும்" என்று கேட்பது. சௌந்திரத்தின் சார்பில் மேட்ரன் பதில் சொல்வார்: "இடுப்பில், விட்டுவிட்டு, ஆறு மணி நேரமாக. நன்றி." பத்தாவது படியில் குழந்தை பிறக்க வேண்டும். தானாகப் பிறக்காது. கட்டிலுக்கு அடியில் வார்டு ஆள் அங்கமுத்து மல்லாந்து படுத்திருப்பான். துணிக்குழந்தையில் கட்டிய சணல்கயிற்றின் மறுநுனி அவன் கால் கட்டைவிரலில். மேட்ரன் "பத்து" என்றதும் காலை நீட்டுவான். குழந்தை வெளியே வரும்.

அங்கமுத்து நாள் முழுக்க வார்டைக் கழுவிக் களைத்தவன். அடியில் படுத்தால் கண் அயர்ந்துவிடும். புரண்டானென்றால் கயிறு குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். மற்ற மாணவிகள் அப்படியே வெளியே இழுத்து, பதினோராம் படிக்குப் போய்விடுவார்கள். பெரியநாயகிக்கு மட்டும் மனசு கேட்காது. நூல் சிக்கலெடுத்துப் பழகிய விரல். தலை தெரிந்ததுமே இரண்டு விரலை நுழைத்துக் கயிற்றைத் தளர்த்தி, தலைக்கு மேலாகக் கழற்றிவிடுவாள்.

"என்ன செய்கிறாய்?" என்பார் மேட்ரன்.

"கழுத்துல சுத்திருக்குதுங்களே அம்மா."

"அது படியில் இல்லை." இன்னொரு கறுப்புப்புள்ளி.

இரண்டாம் வருஷக் கடைசியில் அங்கமுத்து டாக்டர் அறை வாசலில் போய்க் கைகட்டி நின்றான்.

"ஏனுங்க சாமி, எங்கூட்டுக்காரி சின்னாயிக்கு இது மாசமுங்க. போன ரெண்டும் குடிசையிலயே தங்காமப் போச்சுங்க. இந்தத் தடவ இங்கயே ஒரு கட்டலு குடுத்தீங்கன்னா."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "பிரசவக் கட்டில் ஒன்றுதான். அதில் கேஸ் இருக்கிறது. நீயே அதற்கடியில் படுக்கிறவன், உனக்குத் தெரியாதா?"

"அது பொம்மைங்களே சாமி."

"ரிஜிஸ்தரில் அப்படி எழுதியிருக்கிறதா?"

அங்கமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது. தலையைச் சொறிந்துகொண்டு வந்துவிட்டான்.

பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை காலை. மதராஸிலிருந்து பரீட்சகர் வந்திருந்தார். கையில் ஒரு கடிகாரம், மடியில் ஒரு தாள். தாளில் பதினான்கு கட்டங்கள். வார்டில் கொண்டுவந்து போட்டிருந்த டாக்டரின் மேஜைமேல் ஆறு சர்டிபிகேட்டுகள் பெயர் எழுதி, முத்திரை குத்தி, தயாராக இருந்தன. கையெழுத்து மட்டும் பாக்கி. முதல் ஆளாகப் பெரியநாயகியைக் கூப்பிட்டார்கள். தொப்பியை நேராக்கினாள். வணக்கம் சொன்னாள். மூன்றாம் படிக்கு வாயைத் திறந்தாள்.

அப்போது ஓர் அலறல் கேட்டது.

பரீட்சகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சப்தம்கூட உண்டா? மதராஸிலேயே இந்த வசதி இல்லையே."

டாக்டர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, "இந்த வருஷம்தான் ஏற்பாடு செய்தோம்" என்றார்.

இரண்டாவது அலறல் வந்தது. அதில், "அட பாவி மனுசா, எங்க போய்த் தொலஞ்ச" என்கிற வார்த்தைகள் தெளிவாகக் கேட்டன. கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த அங்கமுத்துவுக்குத் தன் பெண்சாதியின் குரல் தெரியாதா? எழுந்து ஓடினான். கட்டைவிரலில் கயிறு இருந்ததை மறந்துவிட்டான். மூன்றாம் படியிலேயே சௌந்திரத்துக்குப் பிரசவமாகி, துணிக்குழந்தை அவன் பின்னால் தரையில் தத்தித் தத்தி வராந்தாவரைக்கும் போயிற்று.

"ஏழு படி முந்திவிட்டது" என்று பரீட்சகர் குறித்துக்கொண்டார்.

பெரியநாயகி வெளியே எட்டிப் பார்த்தாள். சின்னாயி வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டு பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் கிடந்தாள். பனிக்குடம் உடைந்து படியெல்லாம் ஈரம்.

"சேலத்துக்கு வண்டி பிடி" என்றார் டாக்டர்.

"சாமி, மல்லூரு தாண்டறதுக்குள்ள பொறந்துருமுங்க" என்றான் அங்கமுத்து.

பெரியநாயகி மேஜைமேலிருந்த சர்டிபிகேட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டிலருகே வந்தாள். சௌந்திரத்தின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள். "அண்ணா, காலைப் புடிங்க." இருவருமாக ஏழு வருஷத்து நோயாளியைத் தூக்கிச் சுவரோரம் தரையில் சாத்தினார்கள்.

"சௌந்திரம் இன்னும் டிஸ்சார்ஜ் ஆகவில்லை" என்றார் மேட்ரன்.

"ஓரமா கொஞ்சம் இருக்கட்டுமுங்க. அவ ஒண்ணும் சொல்லமாட்டா."

சின்னாயியைக் கட்டிலில் ஏற்றினார்கள். கை பழக்கத்தில் போகிறதுபோல வாயும் பழக்கத்தில் போயிற்று. "வணக்கம் அம்மா. தங்கள் வேதனையின் இடம், தன்மை..."

"எடமா?" என்றாள் சின்னாயி. "நீ இப்பிடிப் படு அம்மிணி, நா எடத்தக் காட்டறேன். இடுப்ப அமுக்கிப் புடி மொதல்ல. ரெண்டு வருசமா இங்க என்னத்தத்தான் படிச்ச."

சொல்லி முடிக்கவும் நோவு வரவும் சரியாக இருந்தது. காலை உதறினாள். பெரியநாயகியின் தொப்பி பறந்து ஐந்தாவது கட்டிலின் நாற்பத்தைந்து டிகிரி மடிப்பில் போய் உட்கார்ந்தது. அடுத்த நோவில் அவள் சீருடைமேல் வாந்தி. அதற்கடுத்ததில் அவள் மணிக்கட்டில் சின்னாயியின் நகம் நாலும் இறங்கியது. இதில் எதுவும் பதினான்கில் இல்லை. பரீட்சகர் எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். "தூய்மைக்கு ஐந்து மதிப்பெண் குறைகிறது" என்று மட்டும் சொன்னார்.

"ரத்தம்" என்றார் டாக்டர். கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை பேசுவதற்காக அல்ல.

தலை தெரிந்தது. கழுத்தைச் சுற்றித் தொப்புள்கொடி, நீலமாக. முகமும் நீலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, முக்காதீங்க. வாயத் தொறந்து மூச்சு உடுங்க. மூச்சு மட்டும்."

இரண்டு விரலை நுழைத்தாள். தளர்த்தினாள். தலைக்கு மேலாகக் கழற்றினாள். சணலைவிட வழுக்கியது, அவ்வளவுதான் வித்தியாசம். மேட்ரன் அவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் யாரும் சொல்லாமலே தன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வெந்நீருக்குப் போனார்.

குழந்தை வந்தது. அழவில்லை. பெரியநாயகி அதைக் கவிழ்த்து முதுகைத் தேய்த்தாள். வாயைத் துடைத்தாள். மறுபடி தேய்த்தாள். அங்கமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

பிறகு அது அழுதது. எதிர்வரிசையில் உலை வைத்துக்கொண்டிருந்த எங்கள் பெண்கள் கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்தார்கள். ஏழு வருஷத்தில் அந்தக் கட்டடம் முதல்முதலாக வாயைத் திறந்திருக்கிறது.

துணி வேண்டியிருந்தது. விரிப்புகளைத் தொட்டால் மடிப்பு போய்விடும். பெரியநாயகி குனிந்து சௌந்திரத்தின் இளம்பிள்ளைச் சேலையை உருவி, குழந்தையைச் சுற்றிச் சின்னாயியின் கையில் கொடுத்தாள். "பொம்பளப் புள்ளைங்க அக்கா." சின்னாயி கரையைத் தடவிப் பார்த்து, "நல்ல சீலையா இருக்குதே" என்றாள்.

அரைமணி கழித்து டாக்டரின் அறையில் விசாரணை.

"நிலைமையை அமைதியாக ஆராய்வோம்" என்றார் டாக்டர். கண் மறுபடி சுகமாக மூடியிருந்தது. "சின்னாயி இங்கே அட்மிட் ஆகவில்லை. அட்மிட் ஆகாதவள் இங்கே பிரசவிக்க முடியாது. ஆனால் குழந்தை ஒன்று இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை, சௌந்திரத்துக்கு ஒரு பிரசவம் வரவேண்டியிருக்கிறது. ஆகவே இந்தக் குழந்தை சௌந்திரத்துடையது. பெரியநாயகி, நீ சாட்சியாக ஒரு கையெழுத்துப் போடு. இந்தா, நானும் உன் சர்டிபிகேட்டில் போட்டுவிடுகிறேன். பரீட்சகர் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

"கட்டங்கள் நிரம்பினால் எனக்குப் போதும்" என்றார் பரீட்சகர்.

ரிஜிஸ்தர் ஒருபக்கம், சர்டிபிகேட் ஒருபக்கம். பெரியநாயகி பேனாவை எடுத்தாள். குமாரசாமியின் தறியும் மூலையிலிருக்கிற தார்க்கூடையும் கண்ணெதிரே வந்தன.

"அப்ப அந்தப் புள்ளைக்கு அப்பன் யாருங்க?"

டாக்டர் ரிஜிஸ்தரைப் பார்த்தார். "மதராஸ் கம்பெனி."

வாசலில் நின்ற அங்கமுத்துவுக்கு இது கேட்டது. கால் கட்டைவிரலில் இன்னும் தொங்கிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

பெரியநாயகி எழுதினாள். நிறுத்தி நிதானமாக, கொட்டை எழுத்தில், இரண்டு இடத்தில் எழுதினாள். மை உலரட்டுமென்று ஊதினாள். பிறகு திருப்பி வைத்தாள். மேட்ரன் குனிந்து வாசித்தார்.

"சின்னாயி. புருஷன் அங்கமுத்து. பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்."

அடுத்து சௌந்திரத்தின் வரிக்கு வந்தார். "அவ்வாறே, அவ்வாறே, அவ்வாறே" என்று ஓடியிருந்த கட்டங்களின் கடைசியில் புது மையில் இருந்ததை இரண்டு தரம் வாசித்தார்.

"காலமானாள். காலை பத்தரை மணி."

டாக்டரின் கண் திறந்தது. "அடி அதை."

"அடிக்கக் கூடாதுங்களே. அடிச்சா ஊட்டுக்குப் போகோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"அது பொம்மை."

"ரிஜிஸ்தருல அப்பிடி எழுதிருக்குதுங்களா?"

பரீட்சகர் பென்சிலைக் கீழே வைத்தார். ஓர் உள்நோயாளி காலமாகியிருக்கிறாள், ரிஜிஸ்தரில் ஏறிவிட்டது. இனி அறிக்கை போயாக வேண்டும். "பொறுப்பு யாருடையது?" என்று கேட்டார்.

"இதோ நிற்கிறாளே, இந்த மாணவி" என்றார் டாக்டர்.

"உங்கள் விதிப்படி மாணவி பொறுப்பாக முடியாது. மாணவி இல்லையென்றால் மேட்ரன். மேட்ரனுக்கு மேலே..." பரீட்சகர் மரியாதையாக அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்படியானால் சம்பவ சமயத்தில் இவள் மாணவி அல்ல. நர்ஸ். பொறுப்பு நர்ஸ். அப்படியே எழுதுங்கள் மேட்ரன். எழுதி, வேலையைவிட்டு நீக்குங்கள். முத்திரை குத்துங்கள்."

அவளுடைய சர்டிபிகேட்டை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். மேட்ரன் கிரேஸ் அம்மாள் உட்கார்ந்து, தன் மணிமணியான கையெழுத்தில் உத்தரவை எழுதினார். நர்ஸ் என்கிற வார்த்தை வந்த இடத்தில் மட்டும், தேவையில்லாவிட்டாலும், அடிக்கோடு போட்டார்.

மற்றதையும் சொல்லிவிடலாம். காலமான உள்நோயாளியை இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அகற்றியாக வேண்டும் என்பது டாக்டர் எழுதிய இன்னொரு விதி. அங்கமுத்து சௌந்திரத்தைப் பாயில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் தெரு வழியாகத்தான் போனான். ஏழு வருஷம் அவளுக்கடியில் படுத்தவன், ஒரு பிடி மண்ணை ஒழுங்காகவே போட்டிருப்பான். பலகையில் "மரணம் 1" என்று ஏறிற்று. கெடுவதற்கு இனிப் பேர் ஒன்றுமில்லை, கட்டிலும் காலி. திங்கட்கிழமை வெண்ணந்தூர்ப் பெண் ஒருத்தி நிறைமாசமாக வந்தபோது, அவளைத் திருப்பி அனுப்ப யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

பெரியநாயகி இளம்பிள்ளைக்குப் போனதும் அந்த உத்தரவுக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். குமாரசாமி எழுத்துக் கூட்டிப் படித்தான். "இந்த ஆஸ்பத்திரியில் பொறுப்பு நர்ஸாக இருந்த ஸ்ரீமதி பெரியநாயகி அம்மாள், சின்னாயி என்பவளுக்கு எவர் உதவியும் இன்றித் தானே பிரசவம் பார்த்ததற்கு முழுப் பொறுப்பும் அவரையே சாரும். ஆகவே அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்." அதற்குக் கீழே பெரிய முத்திரை.

"உங்களத் திட்டியில்ல எழுதிருக்குது அண்ணி."

"திட்டட்டும் தம்பி. என்னன்னு கூப்புட்டுத் திட்டிருக்குது, அத மறுக்காப் படிங்க."

அவன் மறுபடி படித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒருவர் மூச்சு வாங்க வந்து நின்றார். மேலத்தெருக்காரர், மகளுக்கு விடியற்காலையிலிருந்து நோவு. சுவரிலிருந்த முத்திரையை ஒரு பார்வை பார்த்தார். அவள் வெறும் கழுத்தை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி முத்திரையைப் பார்த்தார்.

"நர்சம்மா, ஒரு எட்டு வாரீங்களா?"

பெரியநாயகி மூலையிலிருந்த தார்க்கூடையைத் தூக்கிக் கொழுந்தன் மடியில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு படியிறங்கினாள்.